ஆர்டிஸ் ஸ்டென்ருட் நினைவாக

வெர்னா மாக்கி வேலையை விட்டுப் போனது அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் அமெரிக்க ஊரான டுலூத்தில் முதல் பனி விழுந்த நாள். முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. அவர் போகக் காரணம் நான். அதற்குப் பரிகாரமாக அவருடைய பூந்தொட்டியைக் கார்வரை தூக்கிச் சென்றேன்.

எங்கள் இலவச இசைப்பள்ளியின் நன்கொடைப் பிரிவு என்றால் வெர்னாவும் நானும்தான். ஊர்ப் பணக்காரர்களின் பிறந்தநாள், நாய்களின் பெயர், யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோடிகளைக் கேட்டு வாங்கிய அந்த அம்மாள் பன்னிரண்டு குளிர்காலமாக ஒரே கோட்டைத்தான் போட்டார். நான் நன்றிக் கடிதம் எழுதுவேன். அதில் நான் மேதை என்பது என் கருத்து.

அட்டைப்பெட்டி செய்து கோடீஸ்வரரான ஹால்வர் ஸ்டென்ருட், மனைவி ஆர்டிஸின் பெயரில் ஒரு பியானோ கூடம் கட்டிக்கொடுத்தார். பித்தளைப் பலகைக்கு வாசகம் எழுதியது நான். உயிரோடிருப்பவருக்கு 'கௌரவிக்கும் வகையில்', இறந்தவருக்கு 'நினைவாக'. எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. எனக்கு 'நினைவாக' காதுக்கு இனிமையாக இருந்தது; அதையே எழுதினேன்.

திறப்பு விழாவில் ஆர்டிஸே திரையை விலக்கிப் படித்தார்.

"ஹால்வர், நான் எப்போ செத்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

கூட்டம் சிரித்தது. ஹால்வர் சிரிக்கவில்லை. "யார் பார்த்த வேலை இது?"

"பலகை ஆர்டர்ல என் கையெழுத்துதான் இருக்கு," என்றார் வெர்னா.

நான் பாலாடைக்கட்டித் தட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே நிர்வாகக் குழு அவரை அனுப்பிவிட்டது. கார் அருகே எனக்குத் தைரியம் வந்தது.

"வெர்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ரோடு வழுக்கும். மெதுவா போங்க."

"டுலூத்துல பொறந்தவகிட்ட வந்து சொல்றா பாரு!"

மனசாட்சி உறுத்தியது. குழுவிடம் போவதைவிட மொராக்கோவுக்குப் போவது சுலபமாகப் பட்டது. மூன்று ஆண்டுகள், பதினொரு நாடுகள். தங்கிய இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குற்றம் இளைத்தது. கதை லிஸ்பனுக்கு வந்தபோது, அதில் நான் கிட்டத்தட்ட திறப்பு விழாவிலேயே உண்மையைச் சொல்லியிருந்தேன்.

ஊர் திரும்பியதும் குழுவுக்கு ஏழு பக்கக் கடிதம் எழுதினேன். ஆறு பக்கம் என்னைப் பற்றி.

ஒன்றரை ஆண்டு கழித்து வெர்னாவிடமிருந்து செய்தி வந்தது:

"லின்னியா, முழு ஓய்வூதியமும் குடுத்துட்டாங்க. உன் கடிதத்தைக் காட்டினாங்க. உன்னைக் காப்பாத்தத்தான் பழியை ஏத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கே. அதெல்லாம் இல்லடி. நீ எழுதினதைப் படிக்காமலே கையெழுத்து போட்டேன். அதை அப்பவே ஆர்டிஸ்கிட்ட சொல்லிட்டேன். உங்கிட்டயும் சொல்லத்தான் தேடினேன். நீ எந்த நாட்டுல இருக்கேன்னு யாருக்குமே தெரியல."