காலுக்கு வேண்டியிருந்த ஒரு மணி நேரம்

கம்பெனி வேன் வீதி முனையில் இறக்கிவிட்டது. நல்ல சித்திரை வெயில். வீட்டுப் படி ஏறும்போது மகள் கேட்டாள்: "அம்மா, உன்ற ஒரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. தார் ரோட்டில் நடந்து உள்ளங்காலில் கொப்புளம் வந்திருந்தது. எனக்குச் சுடவே இல்லை.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று நின்றபடியே பார்க்க வேண்டும். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் இரண்டு வருடமாக டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொள்கிறேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வேலைக்குப் போவேன்.

கொப்புளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் குளியலறையில் கால் மடங்கி விழுந்தேன். விசைத்தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் ஓடிவந்து தூக்கினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒண்ணுமில்லீங்க, அசதி."

அவர் நம்பவில்லை. அடுத்த டயாலிசிஸுக்கு லீவு போட்டு என்னோடு வந்தார்.

டாக்டரம்மா இசைக்கவையை (இரண்டு கிளையுள்ள உலோகக் கோல்) தட்டிக் கணுக்காலில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்சாரம் செலுத்தி நரம்பின் வேகத்தை அளப்பது) எடுக்கச் சொன்னார். இரண்டு கால்களிலும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. நரம்பைக் கெடுக்கும் சர்க்கரை நோய் எனக்குக் கிடையாது. அவர் என் டயாலிசிஸ் ஃபைலைப் புரட்டினார்.

"எத்தனை மணி நேரம் பண்ணிக்கிறீங்க?"

"நாலு மணி நேரமுங்க."

"இதுல மூணுன்னுதானேம்மா இருக்கு?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இனி மறைக்க முடியாது. கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பொறுக்க முடியாமல், வேலை இருக்கிறதென்று சொல்லி, என் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு வருடமாக அப்படித்தான். வீட்டுக்குத் தெரியாது.

"ரத்தத்துல தங்குற கழிவு நரம்பைக் கெடுத்திருக்கும்மா. கால் இழுத்தா சொல்லுங்க. மெஷின் உடம்புலிருந்து தண்ணி எடுக்கிற வேகத்தைக் குறைச்சுக்கலாம். நேரத்தை மட்டும் குறைக்காதீங்க."

"மறுபடி நல்லா நடப்பனுங்களா?"

"மேல கெடாம பாத்துக்கலாம். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

ஆட்டோவில் கணவர், "இழுக்குதுன்னு என்றகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிப்பவர் டயாலிசிஸில் இருப்பவரானால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வலித்தால் வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொன்ன பிறகு வேகத்தைக் குறைத்தார்கள். நான்கு மணி நேரமும் படுக்க முடிந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கம்பியைப் பிடித்து, குதிகால் முதலில், விரல்கள் பிறகு என்று நடக்கப் பழக்கினார்கள். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து மறுபடி சோதனை.

"மேல கெடலைம்மா. கொஞ்சம் தேறியும் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

கேன்டீனில் கணவர் டீ வாங்கினார். நான் தண்ணீரோ டீயோ அளவாகத்தான் குடிக்க வேண்டும். அவர் டம்ளரிலிருந்து இரண்டு வாய் குடித்தேன். மூன்றாவது வாய்க்கும் அவரே நீட்டினார்.

இப்போது கம்பி பிடிக்காமல் நடக்கிறேன், மெதுவாக. வேலை முடிந்து வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் துணி அலசும்போது வாளி சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. குதிகாலில் சில்லென்றிருந்தது. கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரு ஷிப்மென்ட் தேதி, சரக்கு அனுப்பும் நாள், இருக்கும். விரல்களுக்கு உணர்வு திரும்ப யாரும் தேதி சொல்லவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். வாளியை நிமிர்த்தி, மீதமிருந்த தண்ணீரையும் குதிகாலில் ஊற்றினேன்.