காலி நாற்காலிக்கு எதிராக ஒரு நகர்த்தல்

காலை ஐந்து நாற்பத்தைந்துக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கிளம்பினால், டைம்கீப்பரம்மா தன் பதிவேட்டில் ஐந்து நாற்பத்தெட்டு என்றுதான் எழுதுவார். ஓட்டுநர் கெஞ்சினாலும் சரி, முறைத்தாலும் சரி, "மூணு நிமிஷம்தானேம்மா" என்று குழைந்தாலும் சரி, அசைய மாட்டார். பணிமனை வாசலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக ஊரார் தாமதத்தை எழுதித் தள்ளியவர். விதி என்றால் விதி என்று பேசியே பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு விதி வந்து கழுத்தைப் பிடித்தது. அதுவும் சதுரங்க விதி.

அவருக்கு வந்த வயிற்றெரிச்சல் புரிய வேண்டுமானால் முதலில் அவருடைய அக்காவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காவுக்குக் குடிநீர் வாரியத்தில், மீட்டர் பிரிவில் வேலை. நாலு வயது மூத்தவள். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே அட்டையில் ஆடக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அக்காவும் தங்கையும் ஆடிய ஆட்டம் ஒன்றுகூட ஒழுங்காக முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒருத்தி தோற்கப்போகிற சமயம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும், இல்லாவிட்டால் முழங்கை பட்டு அட்டை கவிழும். கடைசியாக ஆடியது டைம்கீப்பரம்மாவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம். இருபத்தாறு வருடமாகிவிட்டது, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

"நீ என்னைக்குடி என்னைய ஜெயிச்சிருக்க?" என்பாள் அக்கா, நாலு பேர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்து.

"அன்னைக்கு நீ ராணியத் தொட்ட. தொட்டா அதத்தான் ஆடணும். ஆடியிருந்தா நீ காலி."

"தொடவே இல்ல. ஊதினேன். தூசி இருந்துச்சு."

"சரி, இப்பவே உக்காரு, பாத்துரலாம்."

அக்கா கையை விரித்துவிடுவாள். "வீட்டுல எல்லாம் ஆட மாட்டேன். தோத்தா 'சும்மா விளையாட்டுக்கு ஆடினேன்'னு சொல்லுவ. கடிகாரம் இருக்கணும், காகிதத்துல எழுதணும், நடுவர் இருக்கணும். மூணும் இருக்கட்டும், அப்புறம் பேசு."

மூன்றும் இருக்கிற இடம் ஒன்றுதான், லீக் என்று சொல்லும் வட்டார அணிப் போட்டி. அலுவலகத்துக்கு ஒன்றோ இரண்டோ அணிகள், அணிக்கு நாலு பேர், நாலு பலகை. கெட்டிக்காரர் முதல் பலகையில், மற்றவர்கள் திறமைப்படி இறங்கு வரிசையில். முதல் பலகைக்காரர் எதிரணியின் முதல் பலகைக்காரரோடு, நாலாம் பலகைக்காரர் நாலாம் பலகைக்காரரோடு. அக்காவின் அணி மேல் பிரிவில், அவள் இரண்டாம் பலகையில் இருந்தாள். தங்கையோ பணிமனையின் இரண்டாம் அணிக்குக் கேப்டன், கீழ்ப் பிரிவில், நாலாம் பலகை. பதினொரு வருடமாக இருவரும் லீக்கில் ஆடியும் பலகையில் ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

இந்த வருடம்தான் விடிவு வந்தது. குடிநீர் வாரியம் தோற்றுத் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முந்திக்கொள்ள, அக்காவும் நாலாம் பலகைக்கு இறங்கினாள். கடைசிச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை, பணிமனை இரண்டாம் அணியும் குடிநீர் வாரியமும் என்று அட்டவணை வந்த அன்று டைம்கீப்பரம்மா ஒரு பேருந்தின் நேரத்தையே தப்பாக எழுதிவிட்டார். அக்கா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். வேலையில் இருப்பவர்தான் அணியில் ஆடலாம் என்பது மூன்றாம் விதி. இந்த ஞாயிற்றை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் குறுக்கே வந்தவர் ஸ்டோர்காரர். உதிரிபாகக் கிடங்கைப் பார்ப்பவர், பணிமனை முதல் அணிக்குக் கேப்டன். தன் அணியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கீழ் அணியிலிருந்து ஆளை இழுத்துக்கொள்வார். அப்படி டைம்கீப்பரம்மா இரண்டு தடவை போய் ஆடிக் கொடுத்து, இரண்டிலும் தோற்றுவிட்டு வந்திருந்தார். பதினாலாம் விதி என்ன சொல்கிறதென்றால், ஒரு வருடத்தில் மேல் அணிக்கு மூன்று தடவை ஆடிவிட்டவர் அந்த வருடம் முழுக்கக் கீழ் அணிக்குத் திரும்பக் கூடாது. கெட்டிக்கார ஆட்களை மேலும் கீழும் மாற்றி மாற்றி உட்கார வைத்து ஊரை ஏமாற்றாமல் இருப்பதற்காக வந்த விதி. டைம்கீப்பரம்மாவே கூட்டத்தில் கை தூக்கி ஆதரித்த விதி. அதனால் மூன்றாம் தடவை ஸ்டோர்காரர் வந்து நின்றபோது வாயைத் திறக்கவே விடவில்லை.

"முடியாதுங்க. வேற ஆளப் பாருங்க."

"அட, ஆடவே வேண்டாம்மா. எதிர் டீம்ல நாலாவது ஆளு வரலையாம். நம்ம பக்கம் நாற்காலியில ஒருத்தர் இருந்தா போதும், பாயிண்ட் நமக்கு. சும்மா வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. வெள்ளைக்காய் அவருக்கு. வெள்ளை ஒரு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால்தான் வராதவரின் நேரம் ஓடும். ஸ்டோர்காரர் காதோரம் வந்து, "ஒரு சிப்பாயத் தள்ளிட்டு கடிகாரத்தத் தட்டுங்கம்மா" என்றார். தள்ளினார். தட்டினார். காலி நாற்காலியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு புள்ளியை வாங்கிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமை லீக் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று தடவை ஆடிவிட்டபடியால், டைம்கீப்பரம்மா ஞாயிறன்று இரண்டாம் அணிக்கு ஆடத் தகுதியில்லாதவர்.

கடிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடியே நேராக மருந்துக்கடைக்குப் போனார். செயலாளர்தான் மருந்துக்கடைக்காரர். ஒரு மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? நான் எங்க ஆடினேன்? எதிர்ல ஆளே இல்ல!"

"சிப்பாய நகத்துனீங்களாம்மா?"

"நகத்துனேன்."

"கடிகாரத்த அழுத்துனீங்களா?"

"அழுத்துனேன். அதனால?"

மருந்துக்கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். "ஒரு நகர்த்தலாவது செய்து கடிகாரத்தை அழுத்தியவர் ஆடியவர் ஆவார். இதோ, பதினாலு, உட்பிரிவு மூணு."

"கறுப்புக்காய் வந்திருந்தா?"

"நகத்தியிருக்க மாட்டீங்க. ஆடினதாகாது."

"அப்ப வெள்ள வந்தது என் குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? நீங்களே சொல்லுங்கம்மா, மூணு நிமிஷம் லேட்டுன்னா நீங்க எழுதுறதில்லையா? உங்களுக்காக இத மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

டைம்கீப்பரம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? அந்த ஆள் பேசியது அத்தனையும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவரே நூறு தடவை பேசியது. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டோர்காரரை நினைத்து ஒன்று, தன்னை நினைத்து இரண்டு.

அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பயந்து ஓடிவிட்டாள் என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பணிமனையின் முதல் மாடியில், ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுக்கும் அறையில் போட்டி. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள், 'நில்', 'முந்தாதே' என்று. நாலாம் பலகைக்கு மாற்றாளாக டயர்காரரின் பெயரைப் போட்டார். பேருந்துக்கு டயர் மாற்றுபவர், நல்ல மனிதர், குதிரை எப்படிப் போகும் என்பதை மட்டும் அவ்வப்போது மறந்துவிடுவார். பட்டியலைக் கால் மணி நேரம் முன்னாலேயே கொடுக்க வேண்டும், கொடுத்தபின் மாற்றக் கூடாது. கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"அம்மா, நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வண்டி டயர் வெடிச்சு நிக்குது. டூட்டி ஆளு வயித்த வலின்னு படுத்துட்டான். என்னைய அனுப்பிட்டாங்க. நான் லாரியில ஏறிட்டேன்மா."

நாலாம் பலகையில் நாற்காலி காலி. அவரே போய் உட்காரலாமா? தகுதியில்லாத ஆள் உட்கார்ந்தால் அந்த ஒரு பலகை மட்டுமல்ல, அணியே தோற்றதாக எழுதிவிடுவார்கள். மற்ற மூன்று பேர் காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் எப்படி அடிப்பது?

அக்கா வந்தாள். கையில் ஒரு நோட்டு, இரண்டு பென்சில். பட்டியலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"யாருடி இது? உன் பேரு எங்க?"

"எனக்குத் தடை. வேற ஆளப் போட்டேன். அவரும் வரல."

"என்னது?"

நடந்ததை எல்லாம் நின்றுகொண்டே சொன்னார் டைம்கீப்பரம்மா. அக்கா கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"ஒரு சிப்பாய்க்காகவா? அறிவிருக்காடி உனக்கு? அவன் தள்ளுன்னா தள்ளிருவியா? மூணு வாரமா நான் ராப்பகலா உக்காந்து உன் ஆட்டத்தப் படிச்சிட்டு இருக்கேன்!"

"அமைதி, அமைதி" என்றார் மருந்துக்கடைக்காரர். அன்றைக்கு நடுவரும் அவர்தான். "வெள்ளை நகர்த்தலாம்."

இந்தச் சண்டையில் மூன்று நிமிடம் போயிருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, கடிகாரத்தை ஓங்கித் தட்டினாள். பிறகு நோட்டைத் திறந்தாள்.

"ஆட்டத்துல குறிப்புப் பாக்கக் கூடாதும்மா."

"எந்த ஆட்டத்துல? எதிர்ல யாரு இருக்கா?"

"ஒரு நகர்த்தல் செஞ்சுட்டீங்க. ஆட்டம் தொடங்கியாச்சு."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டைத் தங்கை பக்கம் நீட்டினாள். "இந்தா, நீயே வெச்சுக்க. உன்னப் பத்தித்தான் எழுதியிருக்கு."

டைம்கீப்பரம்மா காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி அதைப் பிரித்தார். லீக் இதழில் வந்த அவருடைய ஆட்டங்களை எல்லாம் அக்கா வெட்டி ஒட்டியிருந்தாள். தோற்ற ஆட்டம்கூட விடவில்லை. ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள். 'இங்கே அவசரப்படுவாள்.' 'குதிரையை விட்டுக்கொடுக்க மனசு வராது.' 'தோற்கும்போது மூக்கைத் தேய்ப்பாள்.' தேய்த்துக்கொண்டிருந்த மூக்கிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தார். இந்தப் பதினொரு வருட லீக் ஆட்டத்தில் ஒன்றைக்கூடக் கட்டிய புருஷன் திரும்பிப் பார்த்ததில்லை. இவள் அத்தனையும் பார்த்திருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் இப்போது பலகையில் இருக்கும் அதே முதல் நகர்த்தல். அதற்குக் கறுப்பில் டைம்கீப்பரம்மா எப்போதும் ஆடும் பதில். அதிலிருந்து ஐந்தாறு வழிகள் எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். கீழே ஒரு வரி, இரண்டு கோடு போட்டு: 'இதை ஆடினால் எனக்குப் பதில் தெரியவில்லை.'

டைம்கீப்பரம்மாவின் கை பலகைப் பக்கம் நீண்டது. கறுப்புச் சிப்பாய் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு சிப்பாய். மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். டைம்கீப்பரம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதை நேரத்தை எழுதியே பிழைக்கும் அவரால்கூடச் சொல்ல முடியாது. கடிகாரத்தில் நேரம் தீர்ந்ததும் மருந்துக்கடைக்காரர் ஆட்டத்தாளில் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்குப் பூஜ்யம் என்று எழுதினார். அப்புறம் அந்த மனிதருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"இதுக்கு மேல உங்க ரெண்டு பேரையும் தடுக்குற விதி எதுவும் இல்லம்மா. பக்கத்து ரூம்ல இன்னொரு பலகை இருக்கு. மத்த மூணு ஆட்டமும் முடியட்டும், நானே வந்து நடுவரா உக்கார்றேன்."

"கேட்டியாக்கா? கடிகாரம் இருக்கு, காகிதம் இருக்கு, இவரு இருக்காரு. மூணும் இருக்கு. வா!"

அக்கா எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தாளைப் பார்த்தாள், தங்கை கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"எதுக்குடி? நான்தான் ஜெயிச்சுட்டேனே."

"அக்கா!"

"கடிகாரம் ஓடிச்சு. காகிதத்துல எழுதியாச்சு. நடுவர் இருந்தாரு. அப்புறம் என்ன?"

"கடசிப் பக்கத்தப் படிச்சுட்டேன்" என்றார் டைம்கீப்பரம்மா, பல்லுக்கிடையில்.

"படிச்சிருப்பன்னு தெரியும். அதனாலதான் ஆட மாட்டேங்கறேன்" என்றாள் அக்கா. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, ஆட்டத்தாளை மேசைமேல் தள்ளினாள். "தோத்த பலகைக்கு அந்த அணி கேப்டன் கையெழுத்துப் போடணும்டி. விதி."

அந்தத் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்து சன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போல் இருந்தது டைம்கீப்பரம்மாவுக்கு. பேனாவை எடுத்தார். காகிதம் ஓட்டையாகும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், கேட்காமலே ஆட்டம் முடிந்த நேரத்தையும் எழுதினார்: பதினொன்று மூன்று.