அண்ணியின் அலை விளக்கு

தெப்பம் குளத்து மூலையில் திரும்பியபோது எழுந்த அலை, படியில் வந்து மோதியது. கயிற்றில் கட்டிய தகர டின் ஏறி இறங்கியது. அது இழுத்த இழுப்பில் என் சைக்கிளின் பின்சக்கரம் கொஞ்சம் சுற்ற, டைனமோவில் கோத்திருந்த பல்பு மின்னி அணைந்தது. கூட்டமெல்லாம் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, அண்ணி மட்டும் பல்பைப் பார்த்துக் கைதட்டினார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அண்ணி, பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். அவர் தங்கை தெற்கே ஒரு சின்னத் தீவில் நர்ஸ். அங்கே கரண்ட் கிடையாது. பிரசவமெல்லாம் அரிக்கேன் வெளிச்சத்தில்தான். ஒரு முறை காற்றில் விளக்கு அணைந்து, மறுபடி ஏற்றுவதற்குள் ஒரு தாயின் உயிர் போய்விட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணிக்கு வேறு பேச்சே இல்லை. "சுத்தி கடலு தம்பி. ஓயாம ஆடிக்கினே இருக்குது. அதுகிட்ட ஒரு வேலை வாங்கக் கூடாதா?" என்பார். என் சைக்கிள் சக்கரம் அப்படித்தான் பறிபோனது. நான் வேலைக்கு நடந்தே போனேன்.

காஞ்சிபுரத்தில் அலைக்கு எங்கே போவது? வருஷத்தில் தெப்பத்தின்போதுதான் குளம் ஆடும். கோயில் மணியக்காரர் அண்ணியைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி குளத்துல தகர டப்பாவாமா?"

"தெப்பமே தகரப் பீப்பா மேலதானே சார் மெதக்குது?"

மனிதர் குனிந்து தெப்பத்தின் அடியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் அண்ணி தீவுக்குப் போனார். டின்னுக்குப் பதில் சங்கிலியில் கட்டிய பெரிய பீப்பாய், லாரி டைனமோ, கரண்டைச் சேர்த்து வைக்கப் பழைய பேட்டரி. பிரசவ அறையில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு குழந்தையும் பிறந்தது. பிறகு கடல் கொந்தளித்து, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இன்று கடலலையில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம், அண்ணி வெறுங்கையோடு திரும்பிய அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். தறியில் உட்கார்ந்திருந்த அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எல்லாம் போச்சாமே?"

அழுவார் என்று நினைத்தோம். அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

"சங்கிலியையே அறுத்துக்கினு போச்சுப்பா! நான் ஒரு பல்புக்குத்தான் கேட்டேன். தீவுக்கே எரியற அளவு இருக்குதுன்னு காட்டிட்டுப் போச்சு."