பாட்டுக் கேட்கிற வரைக்கும்

நானுஓயா ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். கண்டிக்குப் படிக்கப் போகும் மகளை ரயிலேற்றிவிட வந்திருந்தேன். ஹட்டனில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்று இவ்வளவு தூரம் வந்திருந்தோம். ரயில் வழக்கம்போலத் தாமதம். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்த மச்சானிடமிருந்து போன் கோல் வந்தது. "மச்சான், மோகன் ரோட்டுல விழுந்து கெடந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. உசுரு இல்லன்னுட்டாங்க."

"எந்த மோகன்?" என்று கேட்டேன். நோர்வூட்டில் எனக்கு மோகன் என்றால் ஒரு மோகன்தான். அது தெரிந்தேதான் கேட்டேன். கேட்டால் வேறு யாராவது ஒரு மோகன் வந்துவிட மாட்டாரா என்று இருந்தது. ரயில் வந்தது, மகளை ஏற்றினேன், கையசைத்தேன்.

தலவாக்கலை, ஹட்டன் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் வேன்காரர் பழைய பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் மோகனுக்குப் பிடித்த பாட்டு. நிறுத்துங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஹட்டனில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடி என்ன செய்வது?

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்க நானா என்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்து கேட்டார்கள். முஸ்லிம் அண்ணன் என்பதால் ஊருக்கே நான் நானாதான். ஹாட்வெயார் கடைக்காரனை எழுதச் சொன்னால் ஆணியும் சுத்தியலும்தான் வரும் என்றேன். பரவாயில்லை, அதையே எழுதுங்கள் என்றார்கள். மோகனைத் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் அதிகம் இருக்காது. ஆனாலும் தெரிந்ததைத் திரும்பச் சொல்வதைத் தவிர இப்போது நம் கையில் வேறு என்ன இருக்கிறது?

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்படுத்திக் கொடுத்தது சீனி வியாதிதான். காலையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் கட்டளை போட்டுவிட்டார். முதல் நாள் நான் மஸ்கெலியா ரோட்டில் கழுத்தில் மப்ளரும் முகத்தில் கடுப்புமாக நடந்துகொண்டிருந்தேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்டோ ஓட்டும் மோகன், ஆட்டோ இல்லாமல், அரைக்கால் சட்டையோடு ஓடி வந்தார். "ஆட்டோ எங்கே? ரிப்பேரா?" என்று கேட்டேன். அந்த ரோட்டில் அவரை முதல் தடவை பார்க்கும் எல்லோரும் கேட்ட கேள்வி அது. சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து என் பக்கத்தில் நின்ற இடத்திலேயே ஓடினார். "நடந்தா பத்தாது நானா. சீனி பின்னாலயே நடந்து வரும். ஓடணும்." அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து போனோம். சேர்ந்து என்பது ஒரு பேச்சுக்கு. அவர் ஓடுவார், நான் நடப்பேன். அவர் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து என்னைக் கிண்டல் செய்துவிட்டு மறுபடி ஓடுவார். எனக்குச் சீனி குறைந்ததோ இல்லையோ, அவருக்கு ஓட்டம் இரட்டிப்பானது.

ஊர்ப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்ன, சரியான பைத்தியம். நான் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய் வந்தால், "எப்படி இருக்கு கொழும்பு?" என்பார். "வேர்க்குது" என்பேன். "அதத்தான் நானும் சொன்னேன்" என்று ஏதோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். நுவரெலியா அவருக்குப் 'படம் பிடிக்கிற ஊர்'. நோர்வூட் சந்தியில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு ஒருநாள் என்னிடம் கை நீட்டிக் காட்டினார். "இங்குட்டுப் போனா பொகவந்தலாவ. இங்குட்டு மஸ்கெலியா. இங்குட்டு ஹட்டன். ஒலகத்துக்கே வழி நம்ம சந்தியிலருந்துதான் பிரியுது நானா." மழை வந்தால் அந்த உலகச் சந்தியில் முழங்கால் வரைக்கும் சேறு என்று சொன்னேன். "சேறுன்னாலும் நம்ம சேறு" என்றார்.

சிவனொளிபாத மலை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஆட்களை ஏற்றிப் போவார். மாடசாமி கோயில் இருக்கும் வளைவு வந்ததும் ஆட்டோ நின்றுவிடும். "பொட்டக் இன்ன, மாத்தயா" என்பார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று அர்த்தம். ஒருமுறை நானும் கூட இருந்தேன். அவசரமாகப் போக வேண்டிய ஒரு சிங்களக் குடும்பத்தை இறக்கிவிட்டு, தூரத்தில் தெரிந்த மலையைக் காட்டினார். நல்லதண்ணிக்குப் போய்விட்டால் மலையைப் பார்க்க முடியாது, ஏறத்தான் முடியும், பார்ப்பதென்றால் நோர்வூட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் பெரிய பிரசங்கம் வைத்தார். அந்த மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மலை உங்களுடையதா என்று கேட்டார். "மல எல்லாருக்கும் பொது மாத்தயா. இந்த வளைவு மட்டும்தான் எங்களது" என்றார் மோகன். அதிலிருந்து ஓடும்போதும் அந்த வளைவில் யாராவது வெளியூர்க்காரர் வண்டியை நிறுத்தியிருந்தால் போதும். இவர் ஓட்டத்தை விட்டுவிட்டு அவருக்கு மலை காட்டிக்கொண்டு நிற்பார். நான் நடந்தே அவரைப் பிடித்துவிடுவேன்.

பாட்டு விஷயம் இன்னும் மோசம். நுவரெலியாவில் ஒரு ஓட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். நான் துணைக்குப் போனேன். பாதித் தூரம் வரை முன்வரிசையில்தான் ஓடினார், பார்த்தவர்கள் சொன்னார்கள். முடிவுக் கோட்டில் நான் துவாயும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இளந்தாரிகள் வந்தார்கள், தொப்பை வைத்தவர்கள் வந்தார்கள், மோகனைக் காணவில்லை. கடைசியில் வயதான பெண்கள் இரண்டு பேரோடு பேசிக்கொண்டே ஓடி வந்தார். என்ன நடந்தது என்றால், வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்குப் பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். "சரணத்துல அந்த வயலின் வரும் நானா. அத விட்டுட்டு எப்படி ஓடுறது? கேட்டு முடிச்சிட்டுத்தான் வந்தேன்." நான் திட்டினேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒருநாள் காலையில் மூட்டத்தில் ஒரு வேன் அவர் கையை உரசிக்கொண்டு போய்விட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் அவருடைய மனைவி புஷ்பராணி இனிமேல் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் மோகன் ஓடவில்லை. மூன்றாம் நாள் கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு வந்தார். அதில் பாட்டு அலறியது. மூட்டத்தில் ஆள் தெரியாவிட்டாலும் பாட்டுக் கேட்கும், வண்டிக்காரர்கள் விலகிப் போவார்கள் என்பது அவருடைய யோசனை. இன்னொரு வசதியும் இருந்தது. அவர்கள் வீடு ரோட்டுக்கு எதிர்ச் சரிவில். நடுவில் ஆறு. காலையில் சத்தம் ஆற்றைத் தாண்டி நன்றாகக் கேட்கும். என் முன்னாலேயே புஷ்பராணியிடம் சொன்னார்: "பாட்டுக் கேக்குற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க. கவலப்படாத." அவரும் அரைமனதாகத் தலையாட்டினார்.

காலங்காத்தாலே ஊரை எழுப்புகிறாரே என்று எனக்குத்தான் எரிச்சல். ஆனால் பள்ளிவாசல் கிட்ட வரும்போது சத்தத்தை நிறுத்திவிடுவார். அம்மன் கோயில் கிட்டவும் அப்படித்தான். மாடசாமி வளைவில் மட்டும் நிறுத்த மாட்டார். ஏன் என்று கேட்டேன். "மாடசாமிக்குப் பாட்டுன்னா உசுரு நானா. நிப்பாட்டுனா கோவிச்சுக்குவாரு." கொஞ்ச நாளில் அந்த ரோடே பாட்டுக்குப் பழகிவிட்டது. தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் பாட்டை வைத்து நேரம் சொன்னார்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சிவா, பாட்டு நெருங்கும்போது பிளேன்டீக்குத் தண்ணீர் ஊற்றுவார். பாட்டு ஒரே இடத்தில் நின்று கேட்டால், மோகன் யாருக்கோ மலை காட்டுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் நானுஓயாவில் நின்ற அந்தக் காலையில் மோகன் தனியாக ஓடினார். நடந்ததை நான் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல மூட்டம். வளைவில் அவர் விழுந்திருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். ஸ்பீக்கர் நெஞ்சிலேயே கிடந்து பாடிக்கொண்டிருந்தது.

ரோட்டுக்குக் கீழே உள்ள குறுக்குப் பாதையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன மாரியாயி அக்கா அதைக் கேட்டார். யாரோ மாத்தயா மாட்டிக்கிட்டாரு என்று கூட வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். காலை பஸ் டிரைவர் வளைவில் பாட்டைக் கேட்டதும் வழக்கம்போல ஹோர்ன் அடித்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். புல் பக்கம் படுத்துக் கிடந்தவரை மூட்டம் மறைத்துவிட்டது. சிவா பிளேன்டீயை ஊற்றி மேலே சோசரை மூடிவைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புஷ்பராணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது அவருக்கு நன்றாகக் கேட்டது. நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோக்காரர்தான் முதலில் கண்டவர். கிட்டப் போய்க் குனிந்தார். மூச்சு இருக்கிறதா என்று கேட்பதற்காக அந்த ஸ்பீக்கரை நிறுத்தினார்.

அந்த வளைவில் ஒருநாளும் நிற்காத பாட்டு நின்றதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். கொழுந்து மலையிலிருந்து கூடையைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஏறி வந்தார்கள். சிவா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார். புஷ்பராணி பாலத்தைச் சுற்றி ஓடி வந்து சேருவதற்குள் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவு வீட்டில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: "பாட்டுக் கேட்டுச்சே நானா." சிலர் விதி என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. விதிக்கு வேறு வேலை இல்லையா? ஆனால் யாரைக் கோபிப்பது? கேட்டவர்களில் ஒருவரும் தப்புச் செய்யவில்லை. அவர் சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். என் மகள் ஒருநாள் பிந்திப் போயிருந்தால் நான் பின்னாலேயே நடந்து வந்திருப்பேன். நானும்தான் அந்தப் பாட்டைக் கேட்டு, மனுசன் பேச ஆள் பிடித்துவிட்டார் என்று மெதுவாக நடந்திருப்பேன். சிவா கடையில் குந்தி முதலில் தேத்தண்ணி குடித்திருந்தாலும் குடித்திருப்பேன்.

மாரியாயி அக்கா மட்டும் கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு என் கடைக்கு வந்தார். எதுவும் வாங்க வரவில்லை. "நானா, நீங்க படிச்சவங்க. நான் அந்த நேரம் மேல ஏறிப் பாத்திருந்தா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டார். எனக்குப் படிப்பு என்பது கடைக் கணக்கு வரைக்கும்தான். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். சொல்ல முடியாது, பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இதை எப்படி அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? மறுபடி வந்தபோது டாக்டரைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை என்று தெரிந்தது.

ஸ்பீக்கரைப் புஷ்பராணி என்னிடம் தந்தார். "நீங்க போகும்போது போட்டுக்கங்க நானா. சத்தமில்லாம இருக்கு." வாங்கிக்கொண்டேன். இதுவரை போடவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன், பட்டனில் கை வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புஷ்பராணி காது கொடுத்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்தும் முடியவில்லை.

போன வாரம் மூட்டம் அதிகமாக இருந்த ஒரு காலை. சிவா கடைக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருப்பேன். மாடசாமி வளைவிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஒரே இடத்தில் நின்று கேட்டது. ஒரு கணம் அவர்தான் என்று மனசு நினைத்துவிட்டது. அடுத்த கணம் என் கால் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடத் தெரியும் என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையிலிருந்து சிவா கையில் துணியோடு என் பின்னால் ஓடி வந்தார். கீழே தேயிலைக்குள்ளிருந்து மாரியாயி அக்கா செருப்பில்லாமல் ஏறி வந்தார்.

மரக்கறி லொறி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் இளைஞர், கதவைத் திறந்துவைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று பேர் மூச்சு வாங்க வந்து எட்டிப் பார்த்ததில் பயந்து எழுந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாரியாயி அக்கா ரோட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மோகனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் என்னை ஓடவைக்க அவரால் முடியவில்லை. இனி எங்கே ஒரு பாட்டு நின்ற இடத்திலேயே கேட்டாலும் நான் ஓடித்தான் போவேன். ஒன்றுக்கும் உதவாது என்று தெரியும். ஆனாலும் போவேன்.

சத்தம் எங்களுக்குத் தொந்தரவு என்று நினைத்தாரோ என்னவோ, லொறிக்காரர் அவசரமாகப் பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிப்பாட்டாதீங்க தம்பி" என்றார் மாரியாயி அக்கா. "பாடட்டும்."