கால்: இடது

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். முதலில் தெரிந்தது அம்மாவின் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நீலப் புத்தகத்தின் மூலை. அம்மா பேருந்திலிருந்து இறங்கி, திராட்சைத் தோட்டத்து மதிலோரமாக மேடேறி வந்துகொண்டிருந்தார். நான் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றேன். வழக்கமாக அந்தப் பையில் பாதி கரைந்த சோப்புக்கட்டிகள் இருக்கும். விடுதி விருந்தினர்கள் விட்டுச்சென்றவை. புத்தகம் வந்தது அன்றுதான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு ஜூலை மாதம். எனக்குப் பத்து வயது. எல்லைக்கு அப்பால், பிரான்சிலிருந்து ஒரு தொழில்முறைக் காற்பந்துக் கழகம் பருவம் தொடங்குவதற்கு முன் பயிற்சி எடுக்க நாங்கள் இருந்த சுவிஸ் நகரமான நொஷாட்டலுக்கு வந்து, ஏரிக்கரை விடுதி ஒன்றில் பத்து நாட்கள் தங்கியிருந்தது. அந்த விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்வது அம்மாவின் வேலை. அந்தப் பத்து நாட்களும் எங்கள் வீட்டுச் சமையலறையில் பிரெஞ்சுக் காற்பந்தைப் பற்றி எவரும் எழுதியிராத தகவல்கள் வந்து சேர்ந்தன. கோல்காப்பாளர் வாழைப்பழத் தோலைத் தலையணைக்கு அடியில் வைப்பவர். முன்னணி ஆட்டக்காரர் ஈரத் துவாய்களை நிலத்தில் போடுபவர்; அவருக்கு அம்மா எந்த எதிர்காலத்தையும் காணவில்லை. எட்டாம் இலக்கக்காரர் தினமும் தன் கட்டிலைத் தானே விரித்துவிட்டுப் போனார்.

"நல்ல தாயின்ர பிள்ளை," என்றார் அம்மா. "ஆனா ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வாளி ஐஸ் கேக்கிறான். முழங்காலுக்காம்."

நீலப் புத்தகம் பத்திரிகையாளர்களுக்காக அச்சிடப்பட்டது. எட்டாம் இலக்கக்காரர் மேசையில் விட்டுப்போனதை, என் பிரெஞ்சு வாசிப்பு முன்னேறட்டும் என்று அம்மா எடுத்து வந்திருந்தார். இருபத்துநான்கு ஆட்டக்காரர்கள், ஆளுக்கொரு பக்கம். மேலே படம். அதன் கீழே பிறந்த இடம், உயரம், எடை, உதைக்கும் கால். அதற்கும் கீழே இடப்பக்கம் வருடங்கள், வலப்பக்கம் அந்தந்த வருடங்களில் ஆடிய கழகங்கள். இவ்வளவுதான். ஒரு மனிதனின் வாழ்க்கை இத்தனை துப்புரவாக ஒரு பக்கத்தில் அடங்குவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதை என்னைவிட அதிகம் விரும்பியவர் மாமா. அம்மாவின் தம்பி. அவர் எங்கள் வீட்டு சோபாவில் படுத்தார். மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பகலில் தன் அகதிக் கேஸின் முடிவுக்குக் காத்திருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், தேவாலயத்துப் புனிதரின் பெயரில் இருந்த கழகத்துக்கு ஆடியவர். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, சோபாவில் சாய்ந்தபடி ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு வழங்குவார்.

"நாலு வருசத்தில நாலு கழகமோ? இவன் சரிவரமாட்டான். அடுத்தவனை வாசி."

எட்டாம் இலக்கக்காரரின் பக்கத்தில் இரண்டு வருடங்களைக் காணவில்லை. ஒரு கழகத்தில் முடிந்து, இரண்டு வருடம் கழித்து இன்னொன்றில் தொடங்கியிருந்தார். அச்சுப் பிழை என்று நான் நினைத்தேன்.

"பிழையில்லை பிள்ளை. முழங்கால்," என்றார் மாமா. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்.

இருபத்துநான்கு பேரில் மூவருக்கு மட்டுமே இடது கால் என்று போட்டிருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். மாமாவும் இடது காலால்தான் உதைப்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் நான் பந்தை எந்தப் பக்கம் உருட்டிவிட்டாலும், ஒரு சுற்றுச் சுற்றி இடது காலுக்குக் கொண்டுவந்து உதைப்பார். அது ஒரு பெரிய வித்தை என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கழகம் ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரம் மாமாவின் கேஸ் ரிஜெக்ட் ஆன கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொன்னவளும் நான்தான். எங்கள் வீட்டுக்கு வரும் எல்லா அரசாங்கக் கடிதங்களையும் நான்தான் வாசிப்பேன். வாடகைக் கடிதம், காப்புறுதிக் கடிதம், பள்ளியிலிருந்து என்னைப் பற்றி வரும் கடிதம் உட்பட. எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படித்தான். அப்பீல் செய்ய முப்பது நாட்கள் இருந்தன. அது தோற்றால் மாமாவை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அகதிகளுக்கு உதவும் நிலையத்துப் பெண்மணி, பிறந்த நாள் முதல் இன்றுவரை எங்கெங்கே இருந்தார், என்ன செய்தார் என்று வருட வாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

"நீயே எழுதன் பிள்ளை," என்றார் மாமா. "உந்த நீலப் புத்தகத்தில இருக்கிற மாதிரி."

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கோடு போட்ட தாளில் பிரெஞ்சில் எழுதத் தொடங்கினேன். பிறந்த இடம். உயரம், அதை அளப்பதற்கு மாமாவைக் கதவோடு நிற்க வைத்தோம். எடை தேவையில்லை என்றார் அப்பா.

"கால், இடது," என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டு எழுதினேன்.

அடுப்படியில் கறியைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "இவனோ? இவன் எப்ப தொடக்கம்..."

"எழுது பிள்ளை. இடதுதான்," என்றார் மாமா.

அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கறிக்கு உப்புப் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தார் என்பது சாப்பிடும்போது தெரிந்தது.

பள்ளிக்கூட அணி. பிறகு ஊர்க் கழகம், ஆறு வருடம். பிறகு மாவட்ட அணி. பிறகு கொழும்பில் ஒரு விடுதி அறை, எட்டு மாதம். பிறகு சுவிஸ். மாவட்ட அணிக்கும் கொழும்புக்கும் நடுவில் இரண்டு வருடங்கள் குறைந்தன.

"இந்த ரெண்டு வருசமும் எங்க மாமா? காயமோ?"

"வீட்டில இருந்தனான். அதை விடு. வெறுமையாக் கிடக்கட்டும்."

எங்கள் வகுப்பில், விடை தெரியாவிட்டாலும் ஏதாவது எழுத வேண்டும், வெற்றிடத்துக்குப் புள்ளி இல்லை என்று சொல்லித் தந்திருந்தார்கள். நாடு கடத்தப்படுவதற்கு முப்பது நாட்கள் இருக்கும் ஒருவர் இரண்டு வருடப் புள்ளியை இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாமா வேலைக்குப் போன பிறகு, தாளை எடுத்து, அந்த இரண்டு வருடங்களுக்கு எதிரே ஒரு கழகத்தின் பெயரை எழுதினேன். மாமாவின் ஊருக்கு அடுத்த ஊர்க் கழகம் அது. அவர் கதைகளில் அடிக்கடி வரும் பெயர் என்பதால் எனக்கு அது மனப்பாடம். அவர்கள் நடுவருக்கு மீன் கொடுத்தது, கோல்கம்பத்தைக் கால் அடி நகர்த்தியது, எல்லாம் தெரியும். ஆனால் நீலப் புத்தகத்தில் எல்லோரும் எதிரிக் கழகங்களுக்கு மாறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

புதன்கிழமை பிற்பகல் எனக்குப் பள்ளி இல்லை. மாமாவும் நானும் நிலையத்துக்குப் போனோம். மொழிபெயர்க்க நான். கையில் நீலப் புத்தகமும் கொண்டுபோனேன். மாதிரியைக் காட்டினால் அந்தப் பெண்மணிக்கு விளங்கும் என்று.

பெண்மணி தாளை மேலிருந்து கீழாக விரலால் தொட்டு வாசித்தார். உயரம் இருந்த வரியில் சிரித்தார். அந்த இரண்டு வருட வரியில் விரல் நின்றது. கோப்பைத் திறந்து, முதல் விசாரணையில் மாமா சொன்னதைப் பார்த்தார். அங்கே, அந்த இரண்டு வருடமும் வீட்டில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வேறோர் ஊரில் காற்பந்து ஆடியதாக இருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அந்த ரெண்டு வருசமும் நீங்கள் அடுத்த ஊர்க் கழகத்துக்கு விளையாடினதெண்டு நான் எழுதிப்போட்டன் மாமா."

மாமா என்னைப் பார்த்தார். "அவங்களுக்கோ? நானோ?"

பிறகு சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி ஆடும்வரை சிரித்தார். "கள்ளப் பெட்டை! இதை ஊரில வாசிச்சால் எங்கட ஆக்களே என்னை உயிரோட விடாங்கள். அந்தக் கோல்கம்பம் நகர்த்தினவங்களுக்கு நானோ?"

காரணம் தெரியாமல் பெண்மணியும் சிரித்தார். மாமாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவவிட்டச் சொல்லு. அது பிழை, ரெண்டும் பிழை எண்டு சொல்லு. ஒரு பெரிய ஆளைக் கூப்பிடச் சொல்லு, தமிழ் தெரிஞ்ச ஆளை. நீ வெளியில இரு."

என் எழுத்தை நம்பாமல் வேறு ஆளைக் கேட்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது. நாற்பது நிமிடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். கண்ணாடி போட்ட ஒரு தமிழ் அண்ணை. கதவு சாத்தப்பட்டது. நடைபாதைக் கடிகாரத்தில் அப்போது மூன்று மணி ஐந்து நிமிடம். நான் நீலப் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன். இருபத்துநான்கு பேரும் முடிந்து, பயிற்சியாளரும் முடிந்து, மீண்டும் கோல்காப்பாளருக்கு வந்தேன்.

நான்கு மணிக்குப் பெண்மணி தண்ணீர் எடுக்க வெளியே வந்தார். கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தது. 'ஆமிக் காம்ப்' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மாமாவின் வலது சப்பாத்து நாற்காலிக்குக் கீழே தனியாக இருந்தது. அதற்குள் காலுறை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சப்பாத்துக்குள் கல் போயிருக்கும் என்று நினைத்தேன். அந்த ஊர் நடைபாதைகளில் அப்படிப் போவதுண்டு.

ஐந்தேகாலுக்கு மாமா வெளியே வந்தார். பெண்மணி என் தலையில் கை வைத்து, எழுத்து மிக அழகாக இருக்கிறது என்றார். பேருந்துக்குக் காத்திருக்கையில் மாமா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

"கோவமோ மாமா?"

"கோவமில்லை. ஆனா அந்தக் கழகத்தின்ர பேரை இனி எங்கையும் எழுதாத."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சான், பிள்ளை உன்னை எதிர்ப்பக்கத்துக்கு வித்துப்போட்டாள்," என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் மாமாவின் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைத்தார்.

மார்கழியில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன்: அப்பீல் ஏற்கப்பட்டது, விசா கிடைத்துவிட்டது. அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். நான் எழுதிய தாள்தான் வென்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இடது காலால் உதைப்பவர்கள் எங்கேயும் குறைவு. இந்த நாட்டுக்கும் ஒருவர் தேவைப்பட்டிருப்பார் என்று வகுப்பில் விளக்கினேன்.

பின்னாளில், ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஆட்டக்காரர்களைப் பற்றிய இத்தகைய குறிப்புகளைச் சரிபார்ப்பது சில காலம் என் வேலையாக இருந்தது. வருடங்களுக்கு நடுவில் வெற்றிடம் இருந்தால் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. நான் கேட்பேன். மாமாவிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் இப்போதும் நொஷாட்டலில்தான் இருக்கிறார்; அதே உணவகத்தில் சமையல் பொறுப்பு அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகனுக்குப் பந்து உருட்டிவிடுகிறார்.

போன வருடம் ஊரிலிருந்து ஓர் உறவினர் பழைய படம் ஒன்றைத் தொலைபேசியில் அனுப்பினார். மாவட்ட இறுதிப் போட்டி. மைதானத்தின் மூலையில் கொடி, பின்னால் சைக்கிள்களோடு சனம். பத்தொன்பது வயது மாமா மூலையிலிருந்து பந்தை உதைக்கிறார். வலது காலால்.