கையில் ஊற்றிய தண்ணீர்

ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது பழக்கடைக்காரர் மாம்பழப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். வைக்கோலில் பழுத்த அந்த வாசனை என்னை நேராக வேப்பனப்பள்ளி மாங்காய் மண்டிக்குள் கொண்டுபோய் விட்டது. மண்டி இப்போது இல்லை. அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன.

கோடை லீவு முழுக்க, அந்தத் தகரக் கூரையின் கொதிப்பில், வைக்கோல் சரசரக்க, அம்மாவும் சரோஜாக்காவும் ஒரே குவியலில் உட்கார்ந்து சிறுசு பெருசு என்று காய் பிரிப்பார்கள். காம்புப் பால் பட்டுப் பட்டு இருவர் விரல்களும் ஒன்றுபோலவே கறுத்திருக்கும். தாகமெடுத்தால் மட்டும் சரோஜாக்காவுக்கு டம்ளர். காலனியிலிருந்து வரும் அம்மா கையைக் குவிக்க வேண்டும். மண்டிக்காரர் சொம்பைத் தூக்கி ஊற்றுவார்.

“நாளைக்கு நீ டம்ளர் கேளு லட்சுமி. குடுக்கலன்னா நானும் கையிலதான் குடிப்பேன், பாத்துக்கலாம்,” என்றாள் சரோஜாக்கா. வீடு வரும்வரை அம்மா அதையே என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அம்மா கேட்டாள். மண்டியே கை நிறுத்தியது. மண்டிக்காரர் சரோஜாக்காவைப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் எழுந்துபோய் அவர் கையிலிருந்த சொம்பை வாங்கினாள்.

“எதுக்கு லட்சுமி வம்பு? கைய நீட்டு, நானே ஊத்தறேன்.”

அம்மா நீட்டினாள். மண்டிக்காரர் ஊற்றும் உயரம் எனக்குத் தெரியும். சரோஜாக்கா அதைவிட ஒரு சாண் தூக்கி ஊற்றினாள்.