ஐஸுக்குத் தீட்டில்லை

என் கல்யாணம் ஒரு கடிதத்தை நம்பி நின்றது. யாழ்ப்பாணத்தில் பெண்ணின் தகப்பனார், பையன் எப்படி என்று விசாரித்துச் சிங்கப்பூரிலிருந்த தம் உறவினருக்கு எழுதியிருந்தார். அந்த உறவினர்தான் எங்கள் ரயில்வே சரக்கு ஆபீசின் தலைமைக் கிளார்க்கு. போதாக்குறைக்கு, டோபி காட் பக்கம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். பெண்ணை நான் ஊர்க் கோயில் திருவிழாவில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இவளை விட்டால் வேறொருத்தி வேண்டாம் என்று முடிவு செய்ய முதல் தடவையே போதுமாயிருந்தது.

தலைமைக் கிளார்க்கு தங்கமான மனிதர். தண்ணீர் விஷயத்தில் மட்டும் நெருப்பு. கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவர் தொண்டைக்குள் இறங்காது. முனிசிபல் குழாய்த் தண்ணீர் ஆகாது. குழாயின் வாய்க்குள் தோல் வளையம் இருக்கிறதாம். ஆனால் ஐஸ் ஆகும். சிராங்கூன் ரோட்டில் நாகூர்க்கார முஸ்லிம் ஒருவர் சர்பத் கடை வைத்திருந்தார். நானா என்று அழைப்போம். அவர் கையால் உடைத்துக் கொடுத்த ஐஸைத் தலைமைக் கிளார்க்கு கைக்குட்டையில் வாங்கி, கடவாயில் அடக்கிக்கொண்டு ஆபீஸ் வரை நடப்பார். அந்த ஐஸும் அதே குழாய்த் தண்ணீரில் செய்ததுதானே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தம்பி, தண்ணி எண்டால் தீட்டு ஒட்டும். கல்லில ஒட்டுமோ?" என்றார். மலாய்க்காரரே அதை ஆயர் பத்து, கல் தண்ணீர், என்றுதானே சொல்கிறார்கள் என்று சாட்சிக்கும் ஆள் பிடித்தார். நீராவிக்கும் தீட்டில்லை, எஞ்சின் விடும் ஆவி முகத்தில் அடித்தால் எந்த ஆசாரக்காரன் குளிக்கிறான்? ஆகத் தண்ணீரின் மூன்று நிலைகளில் நடு நிலைக்கு மட்டும்தான் சாதி இருந்தது.

நாலாவது நிலை ஒன்றும் உண்டென்று அப்போது ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ஆவியையும் விடாமல் வாட்டி மின்சாரம் பாய்ச்சினால் அது ஒளிவிடும், மின்னலும் அந்த வகைதான் என்று போட்டிருந்தது. இப்போது அதற்குப் பிளாஸ்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நிலைக்குப் போனால் தண்ணீர் தண்ணீராகவே இருக்காதாம், அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிந்துவிடுமாம். இதை அவரிடம் விளக்கினேன். குடிக்க முடியாத சாமானோடு தமக்கு என்ன வழக்கு என்று கேட்டார். நானோ ஒரு வருஷமாக நானா கடையின் பின்கட்டில் ஒளிந்து நின்று சர்பத் குடித்துக்கொண்டிருந்தவன். மேற்கொண்டு வாதாடவில்லை.

அந்த ஆண்டு வெயிலில் எங்கள் கிணறு கெட்டது. தலைமைக் கிளார்க்குக்கு வயிற்றோட்டம் கண்டு, ஒரே நாளில் கண் உள்ளே போய்விட்டது. வந்து பார்த்த டாக்டர், கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடத் தொடக்கூடாது, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, உடம்பில் நீர் இறங்காவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காய்ச்சிக் கொடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார். கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் அழுதேன். மனிதர் அசையவில்லை.

சிராங்கூன் ரோட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் நானா கடையைச் சாத்திவிட்டு, சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தோடு ரிக்‌ஷாவில் ஏறினார். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவரே உடைத்து, பித்தளைச் சட்டியில் போட்டுத் தந்தார். நான் கரண்டியில் எடுத்து ஊட்டினேன். கரண்டியில் கொஞ்சம் உருகியிருந்தாலும் கிளார்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உருகினால் அது தண்ணீர். ஆகவே சிங்கப்பூர் வெயிலோடு பந்தயம் கட்டி, வாசலுக்கும் கட்டிலுக்கும் மூன்று நாள் ஓடினேன். விரல்களில் உணர்ச்சியே இல்லை.

இரண்டாம் நாள் நானாவுக்கே பொறுக்கவில்லை. "உள்ள போனா அது என்னவா ஆவும்னு கேளுங்க தம்பி" என்றார். நான் கையைக் காட்டி அடக்கினேன். ஆனால் கட்டிலில் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. அங்கிருந்தே பதில் வந்தது.

"உள்ளுக்குப் போனாப் பிறகு அது என்ர தண்ணி."

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்குச் சிறுநீர் போயிற்று. இனிப் பயமில்லை என்றார் டாக்டர். கட்டிலுக்கு நேரே தெரியும் வாசற்படியில், நானாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் குடிக்கவில்லை என்பது நானாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. சட்டியின் அடியில் உருகிக் கிடந்ததைத் தம்ளரில் ஊற்றி நீட்டினார். வாங்கி மடமடவென்று குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து என் அண்ணன் எழுதினார். சம்பந்தம் நின்றுவிட்டது. தலைமைக் கிளார்க்கின் கடிதத்தைப் பெண் வீட்டில் காட்டினார்களாம். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்திருக்காது, என் உயிர் அவன் தந்தது என்று ஒன்றரைப் பக்கம் என்னைப் பற்றித்தான். முடிவில் ஒரே ஒரு வரி: அந்நியர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை என் கண்ணால் கண்டேன்.

அண்ணனின் கடிதத்தோடு கிளார்க்கின் அறைக்குப் போனேன். அடித்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். அவரோ என்னைக் கண்டதும் அழத் தொடங்கினார். பெண்ணைப் பெற்றவன் நம்பிக் கேட்கும்போது பொய் எழுத முடியுமா என்றார். அதே சட்டி, அதே ஐஸ், நீங்கள் தின்றதன் மிச்சம்தானே என்றேன். ஆமென்று தலையாட்டினார். அதையே உருகுமுன் வாயில் போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேர்மையாகவே யோசித்தார்.

"ரெண்டு நிமிசம் முந்தி எண்டால் ஒரு பிழையுமில்லை, தம்பி."